பழசு என்று சொல்லி விற்காத சிலைக் கடை

நேபாளத்தில் பாட்டன் என்ற ஊரில் மகாபௌத்த கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் வீட்டுக்கு வீடு சிலைக் கடைதான். காத்மாண்டுவிலிருந்து பாக்மதி ஆற்றைத் தாண்டினால் பாட்டன் வந்துவிடும். லலித்பூர் என்றும் சொல்வார்கள். அங்கே தங்க முலாம் பூசிய ஒரு வசுதாரா சிலை வாங்கினேன். பௌத்தர்களின் செல்வத் தேவி அவள். அந்தக் கடையைப் பற்றித்தான் இந்த விமர்சனம். இணையத்தில் பெயர் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் பெயரை விட்டுவிடுகிறேன். அடையாளம் சொல்கிறேன்: கோயிலிலிருந்து ஓக்கு பகால் பக்கம் நடக்கும்போது, கண்ணாடி அலமாரியின் மேல்தட்டு முழுக்க முலாம் போடாத வெறும் செம்புச் சிலைகளை வைத்திருக்கும் கடை. மற்ற கடைகளில் எல்லாம் வாசலிலேயே தங்கம் கண்ணைப் பறிக்கும். இங்கே முதலில் கண்ணில் படுவது செம்பு.

கடையை நடத்துவது சாக்கியர் குடும்பம், அண்ணன் தம்பி இருவர். காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்களில் சாக்கியர்கள் தலைமுறை தலைமுறையாக உலோகச் சிலையும் பொன் வேலையும் செய்கிறவர்கள். அண்ணன் இந்தி நன்றாகப் பேசுவார். நான் போய் உட்கார்ந்ததும் எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டேன்: "சாக்யாஜி, பழைய சிலை ஏதாவது இருக்கா?"

"இல்லை. இருந்தாலும் உங்களுக்கு விற்க மாட்டேன். நீங்களும் எடுத்துப் போக முடியாது" என்றார்.

இந்தக் கடைக்கு நான் முதல் மதிப்பெண் போடுவது இந்தப் பதிலுக்குத்தான். நேபாளத்தில் 1956-ல் வந்த தொல்லியல் பாதுகாப்புச் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. புதுச் சிலையாக இருந்தாலும், இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையின் சான்றும் முத்திரையும் வேண்டும். ஆக, பாட்டனில் ஒருவர் உங்களிடம் "இது முன்னூறு வருஷத்துச் சிலை" என்று சொன்னால் இரண்டில் ஒன்று. அவர் பொய் சொல்கிறார். இல்லையென்றால் ஏதோ ஒரு பௌத்த விகாரத்திலிருந்து களவு போன சாமியை உங்கள் கையில் கொடுக்கிறார். இரண்டும் நமக்கு வேண்டாம். கடந்த அறுபது எழுபது வருஷத்தில் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து காணாமல் போன சிலைகள் கொஞ்சநஞ்சமல்ல. தெருமுனையில் தினமும் பூவும் குங்குமமும் வாங்கிக்கொண்டிருந்த சாமி ஒரு ராத்திரியில் மறைந்து, கடல் தாண்டி யாரோ ஒருவர் வீட்டு மாடத்தில் நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நான் வங்கியில் நகை மதிப்பீட்டாளராக வேலை பார்த்தவன். உரைகல்லும் எடைத் தட்டுமாக வாழ்க்கை போயிற்று. அடகுக்கு வரும் நகையில் எது பொன், எது முலாம் என்று பார்த்துச் சொல்வதுதான் தொழில். அதனால் சிலையைப் பார்த்தாலும் என் கண் முதலில் தேடுவது தேய்ந்த இடத்தைத்தான். பக்தியும் கலையும் அப்புறம்தான் வரும். இந்தக் கடையைப் பற்றி நான் சொல்வதும் அந்தக் கண்ணால் பார்த்ததுதான்.

முலாமில் இரண்டு வகை. ஒன்று நாம் கவரிங் நகையில் பார்க்கும் மின்முலாம். மற்றொன்று நெருப்பு முலாம். பாதரசத்தில் பொன்னைக் கரைத்து, அந்தக் களிம்பைச் சிலைமேல் தடவி, அனலில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவது. பாதரசம் 357 டிகிரியில் கொதித்துப் போய்விடும், பொன் மட்டும் செம்போடு ஒட்டிக்கொள்ளும். அப்போது அது மஞ்சளாக, மங்கலாக, உயிரில்லாமல் இருக்கும். அகேட் என்ற வழவழப்பான கல்லால் அழுத்தி அழுத்தித் தேய்த்த பிறகுதான் நாம் பார்க்கிற அந்த ஆழமான நிறம் வரும். பழைய நேபாள, திபெத்தியச் சிலைகளில் நூற்றாண்டுகள் கழித்தும் பொன் நிற்பதற்கு இந்த முறைதான் காரணம்.

அண்ணன் இரண்டு வகைச் சிலையையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது கரன்ட், இது நெருப்பு" என்று அவராகவே சொன்னார், நான் கேட்கவில்லை. விலைச் சீட்டிலும் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். கரன்ட் முலாம் சிலை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விலைதான். இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தேன். மின்முலாம் போட்டது உள்ளே, வெளியே, இடுக்கு, மடிப்பு என்று எல்லா இடத்திலும் ஒரே சீராக, ஒரே மெலிதாக இருந்தது. நெருப்பு முலாம் போட்டதில் பீடத்தின் உட்பக்கம் வெறும் செம்பு. ஓரத்தில் மட்டும் களிம்பு வழிந்த இடம் ஒழுங்கில்லாத பொன் கோடாக நின்றது. தாமரை இதழ்களுக்கு நடுவில் பொன் கொஞ்சம் தடித்துத் தேங்கியிருந்தது. கையால் தடவிய வேலைக்கு இந்த ஒழுங்கின்மைதான் சாட்சி. சிலைக் கடைக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: முகத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் சிலையைக் கவிழ்த்துப் பாருங்கள். கவிழ்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

முலாம் எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டேன். கடையில் இல்லை, ஊருக்கு வெளியே தனி இடம் என்றார். அழைத்துப் போக முடியுமா என்றதும் தம்பி வண்டியில் கூட்டிப்போனார். புகைபோக்கி வைத்த ஒரு சின்ன அறை. வேலை செய்கிறவர் முகமூடி போட்டிருந்தார், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கைவிட்டுத்தான் வேலை பார்த்தார். எங்களை வாசலோடு நிறுத்திவிட்டார்கள், அது சரிதான். பாதரச ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். அந்தக் காலத்துப் பொற்சிலைகளின் அழகுக்குப் பின்னால் எத்தனை பேருடைய மூச்சு இருக்கிறது என்பதை நாம் மறக்கக் கூடாது. வாங்குகிறவர்கள் கேட்டால்தான் கடைக்காரர்கள் புகைபோக்கி வைப்பார்கள். அதனால் கேளுங்கள்.

இப்போது உருவ இலக்கணத்துக்கு வருகிறேன். இந்தக் கடையில் எனக்கு நேரம் போனதே தெரியாமல் இருந்தது இதில்தான். பொன் பூசிய சிலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. துணியில் தீட்டும் தங்கா ஓவியத்தில் நிறத்தைப் பார்த்தே எந்தப் புத்தர் என்று சொல்லிவிடலாம்: நீலம் என்றால் அக்ஷோப்யர், சிவப்பு என்றால் அமிதாபர், பச்சை என்றால் அமோகசித்தி. சிலையில் எல்லாருமே பொன் நிறம். அப்போது கை, கால், கையில் இருக்கும் பொருள், இவற்றை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அண்ணன் இதைப் பாடமாக நடத்தவில்லை. ஒவ்வொரு சிலையாக எடுத்து வைத்து, "இது யார், சொல்லுங்க" என்று கேட்டார்.

வலக்கை முழங்காலுக்கு மேலாக இறங்கி நிலத்தைத் தொட்டால் சாக்கியமுனி, அதாவது கௌதம புத்தர். தவத்தைக் கலைக்க வந்த மாரனை வென்ற நேரத்தில் பூமியைச் சாட்சிக்கு அழைத்த முத்திரை. ஆனால் அதே முத்திரைதான் அக்ஷோப்யருக்கும். பீடத்தின் முன்னால் ஒரு சின்ன வஜ்ரம், அதாவது வஜ்ராயுதம், வைத்திருந்தால் பெரும்பாலும் அக்ஷோப்யர். விரல் நகம் அளவு வஜ்ரம், அதைக் கவனிக்காவிட்டால் பெயரே மாறிவிடும். மடியில் பாத்திரம் வைத்துத் தியானத்தில் இருந்தால் அமிதாபர். அதே இருப்பில் ஆபரணம் அணிந்து அமுத கலசம் வைத்திருந்தால் அமிதாயுஸ். இடக்கையில் பாத்திரமும் வலக்கையில் ஒரு காயும் இருந்தால் மருந்துப் புத்தர். அந்தக் காய் என்ன என்று பார்த்தால், நம் வீட்டுக் கடுக்காய்! இலையோடு சேர்ந்த ஒரு காம்பை இரு விரலில் பிடித்திருக்கும் அந்தச் சின்ன வேலைப்பாட்டைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று அந்தப் புத்தர் நெருக்கமாகிவிட்டார்.

வஜ்ரசத்வரும் வஜ்ரதரரும் பலருக்கும் குழம்பும். இருவருக்கும் வஜ்ரமும் மணியும்தான். மார்பில் கைகளைக் குறுக்காகக் கட்டிப் பிடித்திருந்தால் வஜ்ரதரர்; வலக்கை வஜ்ரத்தை நெஞ்சருகே வைத்து, இடக்கை மணியை இடுப்பருகே தாங்கியிருந்தால் வஜ்ரசத்வர். ஜம்பாலா செல்வத்துக்கு அதிபதி, பெருத்த வயிறு, இடக்கையில் ஒரு கீரிப்பிள்ளை. அதன் வாயிலிருந்து ரத்தினங்கள் கொட்டும். மஞ்சுஸ்ரீ ஞானத்துக்கு அதிபதி, கையில் வாள், தாமரைமேல் சுவடி. இந்தப் பள்ளத்தாக்கே ஒருகாலத்தில் ஏரியாக இருந்ததாகவும், மஞ்சுஸ்ரீ தன் வாளால் சோபார் மலையைப் பிளந்து நீரை வடித்ததாகவும் நேவார்கள் சொல்கிறார்கள். அதனால் இங்கே மஞ்சுஸ்ரீயின் வாளைச் செதுக்கும்போது கைக்குத் தனி மரியாதை வந்துவிடும் என்று தம்பி சொன்னார்.

தாரா தேவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் விற்பதும் அதிகம் தவறாகச் செய்யப்படுவதும் தாராதான். பச்சைத் தாரா வலக்காலை இறக்கிச் சின்னத் தாமரையில் வைத்து, எழுந்து வரத் தயாராக இருப்பவள்போல் அமர்ந்திருப்பாள். வெள்ளைத் தாரா இரு காலையும் மடித்துத் தியானத்தில் அமர்வாள். அவளுக்கு ஏழு கண். முகத்தில் மூன்று, உள்ளங்கை இரண்டில் இரண்டு, உள்ளங்கால் இரண்டில் இரண்டு. அலமாரியில் இருந்த வெள்ளைத் தாராவை எடுத்து உள்ளங்காலைப் பார்த்தேன். இமையோடு சேர்த்து, கண்மணி உட்படச் சிற்றுளியால் கீறியிருந்தது. அதே சந்தில் வேறொரு கடையில் பார்த்த வெள்ளைத் தாராவுக்கு உள்ளங்காலில் வெறும் வழவழப்புதான். நெற்றியில் மட்டும் ஒரு கண்ணை வண்ணத்தால் எழுதி விட்டிருந்தார்கள். வெளிக்குப் பார்த்தால் இரண்டும் ஒரே அழகு. ஆனால் துன்பப்படுகிறவரை எல்லாத் திசையிலும் பார்க்க வேண்டியவளுக்கு நான்கு கண்ணைப் பறித்துவிட்டால் என்ன மிச்சம்?

நான் வாங்கியது வசுதாரா. நேவார் வீடுகளில் லட்சுமிக்குச் சமமான இடம் அவளுக்கு. ஆறு கை. வலப்பக்கம் கீழ்க்கை வரம் தருகிறது, நடுக்கை ரத்தினங்களை ஏந்துகிறது, மேல்கை புத்தரை வணங்குகிறது. இடப்பக்கம் கீழ்க்கையில் நிறைகலசம், நடுக்கையில் நெற்கதிர், மேல்கையில் சுவடி. ஒன்பது அங்குல உயரச் சிலையில் அந்தக் கதிர் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பழைய தொழில் பழக்கம். ஒவ்வொரு மணியும் தனித்தனியாக நின்றது. மணியின் நுனியில் உமி பிரியும் கோடுவரை உளி போயிருந்தது. வார்ப்பில் இவ்வளவு நுணுக்கம் வராது, வார்த்த பிறகு ஒருவர் உட்கார்ந்து வெட்டியிருக்கிறார். முதுகுப் பக்கம் ஆடை முடிச்சையும் பார்த்தேன். யாரும் பார்க்காத அந்த இடத்திலும் துணியின் மடிப்பு முன்பக்கம் போலவே இருந்தது. அங்கேயே முடிவு செய்துவிட்டேன். என் மனைவி மட்டும், "லென்ஸைக் கீழே வைங்க, முகத்தைப் பாத்து எடுங்க" என்றாள். முகமும் நன்றாகவே இருந்தது.

முகத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. இந்தச் சிலைகளில் பலவற்றுக்கு முகம் மட்டும் வேறு மாதிரி மங்கிய பொன்னாக இருக்கும். அது திபெத்திய வழக்கம்: பொன்தூளைப் பசையில் குழைத்து முகத்தில் பூசி, கண்ணும் உதடும் எழுதி, தலைமுடிக்கு நீலம் தீட்டுவார்கள். பழைய திபெத்தியச் சிலைகளில் தலைமுறை தலைமுறையாகப் பூசிப் பூசி அந்த அடுக்கு ஏறியிருக்கும். அது வழிபாட்டின் தடம். கடையில் புதுச் சிலைக்கும் அப்படி எழுதித் தருகிறார்கள், அதற்கென்று தனி ஓவியர் இருக்கிறார். எனக்கு எழுதாத முகமே பிடித்தது. எழுதிய முகம் ஒரே பார்வையைத்தான் பார்க்கும். எழுதாத உலோக முகம் விளக்கின் வெளிச்சம் நகர நகர மாறும். இது என் ருசி. திபெத்திய முறையில் பூஜை செய்கிறவர்களுக்கு எழுதிய முகம்தான் முறை.

சிலைகளின் அடிப்பக்கம் திறந்தே இருக்கிறது. மூடும் செம்புத் தகட்டைத் தனியாகத் தருகிறார்கள். அதில் குறுக்கு வஜ்ரம், அதாவது விஸ்வ வஜ்ரம் செதுக்கியிருக்கிறது. மந்திரம் எழுதிய சுருள், தானியம், வாசனைப் பொருள் எல்லாம் உள்ளே வைத்து, சடங்கு செய்து, லாமாவோ, நேவார் பௌத்த பூசாரியான வஜ்ராசாரியரோ மூடினால்தான் சிலைக்கு உயிர். "அது எங்கள் வேலையில்லை, குருவின் வேலை" என்று அண்ணன் சொல்லிவிட்டார். இதையும் நான் நல்லதாகவே எடுத்துக்கொள்கிறேன். மூடி முத்திரையிட்ட "பழைய" சிலை என்று யாராவது காட்டினால் உஷாராக இருங்கள். உள்பக்கம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் எதையும் சொல்ல முடியாது. உண்மையான பழஞ்சிலையில், உள்ளே தங்கிப்போன வார்ப்புக் களிமண்ணை வைத்துத்தான் வெப்ப ஒளிர்வு முறையில் அது எப்போது சுடப்பட்டது என்று ஆய்வகத்தில் கணிக்கிறார்கள்.

எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பார்க்க மாடிக்குப் போகலாம், தடையில்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்த மெழுகில் உருவம் செய்கிறார்கள். மேலே சாணமும் களிமண்ணும் உமியும் கலந்து அடுக்கடுக்காகப் பூசி, காயவைத்து, மெழுகை உருக்கி எடுத்துவிட்டுச் செம்பை ஊற்றுகிறார்கள். நம் சுவாமிமலை ஸ்தபதிகள் வண்டல் மண்ணில் அச்சுக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் பழகிய காட்சிதான். பெரிய வித்தியாசம் இரண்டு. நம்முடையது கன வார்ப்பு, உள்ளேயும் உலோகம். இவர்களுடையது பெரும்பாலும் பொள்ளல். நாம் ஐம்பொன், இவர்கள் கூடிய மட்டும் சுத்தச் செம்பு. செம்பு சிக்கலான வார்ப்புக்கு எளிதில் ஓடாது, அதனால் கை, ஆபரணம், தாமரைத் தண்டு என்று தனித்தனியாக வார்த்துப் பொருத்துகிறார்கள். அப்படியும் ஏன் செம்பு? ஈயம் கலந்த உலோகத்தில் பாதரச முலாம் சரியாக நிற்காது, கறை கட்டும். சுத்தச் செம்பு பொன்னை அப்படியே பிடித்துக்கொள்ளும். பழைய நேபாளச் சிலையில் முட்டி, மூக்கு நுனி தேய்ந்த இடத்தில் எட்டிப் பார்க்கும் அந்தச் சிவப்பு இந்தச் செம்புதான்.

நாகப்பட்டினத்துப் புத்தர்களை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன். 1856 முதல் நாகப்பட்டினத்தில் கிடைத்த சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகளில் வந்தவை அவை. ஸ்ரீவிஜய மன்னன் கட்டிய சூடாமணி விகாரம் இருந்த ஊர் அது. அந்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்தப் புத்தர்களின் உச்சியில் தீச்சுடர் எழும். பாட்டன் புத்தர்களுக்கு உச்சியில் பெரும்பாலும் சின்ன மணி போன்ற முடிவுதான். இதை அண்ணனிடம் சொல்லி, போனில் படம் காட்டினேன். வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பொன் வேண்டாம்" என்றார். ஒரு நேவார் சிற்பி வாயிலிருந்து இந்தப் பாராட்டைக் கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது.

இந்தக் கடைக்குப் போவதற்கு முன்னால் பாட்டன் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள், அரண்மனைச் சதுக்கத்திலேயே இருக்கிறது. மல்ல மன்னர்கள் வாழ்ந்த கேசவ நாராயண சௌக்கை ஆஸ்திரியாவின் உதவியோடு சீரமைத்து 1997-ல் திறந்தார்கள். அங்கே இருப்பவற்றில் பல, கடத்தல்காரர்களிடமிருந்து மீட்கப்பட்டவை. மெழுகு வார்ப்பையும் தகட்டைத் தட்டி உருவம் எடுக்கும் வேலையையும் படிப்படியாக விளக்கும் ஒரு பகுதி உண்டு. முத்திரைகளையும் அங்கேயே படித்துக்கொள்ளலாம். பழைய பொன் எப்படி மங்கும், எந்த இடத்தில் தேயும் என்று கண்ணுக்கு ஒரு அளவு கிடைத்துவிட்டால், அப்புறம் சந்தில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

ஏமாற்றப் பார்ப்பார்கள். அதே பகுதியில் வேறு ஒரு கடையில், பெயர் வேண்டாம், ஒருவர் திரைக்குப் பின்னாலிருந்து துணியில் சுற்றிய சிலை ஒன்றைக் கொண்டுவந்தார். தாமரைப் பீடத்தின் முன்னால் ஆறு சீன எழுத்து. "யோங்லே, மிங் காலம்" என்று காதோடு சொன்னார். மிங் பேரரசர் யோங்லே 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திபெத்திய லாமாக்களுக்குப் பரிசாக அனுப்பச் செய்த சிலைகளில் இந்த ஆறெழுத்து உண்டு. திபெத்தியர் படிக்கும் வழக்கத்துக்கு ஏற்ப இடமிருந்து வலமாக இருக்கும். 2013-ல் ஹாங்காங் ஏலத்தில் அப்படி ஒரு சாக்கியமுனி 23.6 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. அந்த ஏலத்துக்குப் பிறகு ஆறெழுத்துக்குப் பஞ்சமே இல்லை. அவர் காட்டிய சிலையில் முட்டியும் மார்பும் மூக்கும் முதுகும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தன. முதுகை யார் தொட்டுக் கும்பிட்டார்கள்? தேய்ந்த இடத்தின் ஓரம் வழுக்காமல், தேய்ப்புத் தாள் போட்ட கீறலாக நின்றது. இடுக்குகளில் அப்பியிருந்த கரி என் விரலில் வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு இருக்கும் பெருமைக்கு இப்படிப் பொய்ப் பழமை தேவையே இல்லை. 1260-ல் அரனிகோ என்ற இளைஞன் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து 80 கைவினைஞர்களோடு திபெத்துக்குப் போய், அங்கிருந்து குப்லாய் கானின் அரசவைக்கு அழைக்கப்பட்டான். பெய்ஜிங்கில் இன்றும் நிற்கும் வெள்ளை ஸ்தூபம் அவன் வேலை. அவன் வழியில் வந்தவர்கள் இன்றும் அதே மெழுகைக் குழைக்கிறார்கள். இன்று செய்த நல்ல சிலையை "இன்று செய்தது" என்று சொல்லி விற்பதில் என்ன குறைச்சல்? இந்தச் சகோதரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். பில்லில் தேதி, உலோகம், முலாம் வகை, எடை எல்லாம் எழுதித் தருகிறார்கள்.

குறையும் உண்டு. கீழ்த்தளத்தில் வெளிச்சம் போதாது. டியூப்லைட்டில் பொன்னின் நிறத்தை எடைபோட முடியாது. சிலையை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன், அவர்கள் தடுக்கவில்லை. பாதி முலாம், முழு முலாம் விலை வித்தியாசத்தைக் கேட்டால்தான் சொல்கிறார்கள். பெரிய கும்பல் வந்துவிட்டால் அண்ணன் ஒருவரே எல்லாருக்கும் பேச வேண்டியிருக்கிறது. அப்போது போனால் இந்தச் "சொல்லுங்க, யார் இது" எல்லாம் கிடைக்காது. காலையில் கடை திறந்ததும் போவது நல்லது. பேரம் அதிகம் படியாது. கார்டில் கொடுத்தால் கூடுதல் கட்டணம் பிடிக்கிறார்கள்.

என் சிலைக்கு 1,12,000 நேபாள ரூபாய் ஆயிற்று. நம் பணத்தில் 70,000. குறைந்த விலை அல்ல. ஆறு கை, முழு நெருப்பு முலாம், அந்த உளி வேலை என்று பார்க்கும்போது நியாயம் என்றே சொல்வேன். ஊருக்கு வந்ததும் தெரிந்தவரின் தர ஆய்வு மையத்தில் கையடக்க எக்ஸ்ரே கருவியைக் காட்டிப் பார்த்தேன். பொன், செம்பு, கூடவே கொஞ்சம் பாதரசம். மின்முலாமில் அந்தப் பாதரசம் தெரியாது. அவர்கள் சொன்னது அத்தனையும் சரி.

தொல்லியல் துறைச் சான்றை அவர்களே வாங்கித் தருகிறார்கள், அதற்குக் கூடுதலாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கிளம்பும் நாளில் வாங்காதீர்கள். மரப்பெட்டியில் வைக்கோலும் துணியும் அடைத்து, கைகளுக்கு நடுவே பஞ்சு வைத்துக் கட்டினார்கள். வசுதாராவின் நெற்கதிர் ஒரு மணியும் வளையாமல் வந்து சேர்ந்தது. சொல்லிச் செய்வதானால் மூன்று நான்கு மாதம் ஆகும். முன்பணம் பாதி. மெழுகு உருவத்தின் படத்தை அனுப்பி, நாம் சரி என்ற பிறகுதான் வார்ப்பார்கள். ஒரு மருந்துப் புத்தருக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், கடுக்காயை மட்டும் இலை நரம்போடு செய்யச் சொல்லி.